மாமியுடனும் பிள்ளைகளுடனும் யாழ்ப்பாணத்தில் ஐந்து நாள்: ஓகஸ்டா, டிசெம்பரா?

வெள்ளவத்தை மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற பாடசாலை விடுமுறையில் குடும்பமாக ஐந்து நாள் யாழ்ப்பாணத்தில் தங்க எண்ணியிருக்கிறோம். வருபவர்கள் ஐவர்: நான், கணவர், பதின்மூன்று வயது மகள், ஆறு வயது மகன், எழுபத்து நான்கு வயது மாமி. மாமி கொக்குவிலில் பிறந்து வளர்ந்தவர். திருமணத்தோடு கண்டிக்குப் போனவர், பிறகு ஊருக்கு வந்த தடவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடைசியாக வந்தது ஓர் அந்தியேட்டிக்கு (இறந்தவருக்குச் செய்யும் சடங்கு). அதுவும் அன்றே திரும்பிய பயணம். முழங்கால் வலியால் அவருக்குப் படி ஏறுவது கடினம், நீண்ட நேரம் நிற்கவும் முடியாது. அவர் முழுச் சைவம். மற்ற நால்வரும் அப்படியில்லை.

ஆளுக்கோர் ஆசை. மகளுக்குக் கோட்டையும் பொது நூலகமும் பார்க்க வேண்டும். இரண்டையும் பற்றிப் படித்திருக்கிறாள். மகனுக்கு நெடுந்தீவுக் குதிரைகள். தொலைக்காட்சியில் அவற்றைக் கண்ட நாள் முதல் அவனுக்கு வேறு பேச்சில்லை. கணவருக்கு நண்டுக் கறியும், பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழும். மாமி மட்டும் எதுவும் கேட்கவில்லை. வற்புறுத்திக் கேட்டபோது, "நல்லூரானை ஒருக்கால் கும்பிட்டால் காணும்" என்றார்.

கணவர் ஒரு தாளில் நிகழ்ச்சிநிரல் எழுதி வைத்திருக்கிறார். முதல் நாள் கோட்டை, நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், மந்திரிமனை, நல்லூர். இரண்டாம் நாள் நெடுந்தீவும் நயினாதீவும். மூன்றாம் நாள் கீரிமலை, மாவிட்டபுரம், கந்தரோடை, நிலாவரை, கசூரினா. நான்காம் நாள் வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, வல்லிபுரம், மணற்காடு. அந்தத் தாளை வாங்கிப் பார்த்த மாமி, வாசிக்கவே கால் உளைகிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும், எப்போதும் போகலாம் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் ஓகஸ்டில் வருவதும் டிசெம்பரில் வருவதும் ஒன்றுதானா? மாமியை அலைக்கழிக்காமல், பிள்ளைகளும் சலித்துக்கொள்ளாமல் ஐந்து நாளை எப்படி அமைக்கலாம்? ஊரில் இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


நல்லூர் வாத்தியார் எழுதியது:

பிள்ளை, உங்கள் மாமி சொன்னதே சரி. அந்தத் தாளில் உள்ள இடங்களைப் பத்து நாளில் பார்த்தாலும் அவசரமாகத்தான் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பார்க்க ஏதாவது உண்டு என்பது உண்மை. எப்போது வந்தாலும் எல்லாமே உண்டு என்று அதை விளங்கிக்கொண்டு வருபவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். இங்கே எந்தக் கரையில் கால் நனைக்கலாம் என்பதைக் காற்றுத்தான் சொல்லும். வைகாசி தொடங்கி ஆவணி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். அந்த மாதங்களில் தீவுகளுக்குப் போகும் கடல் நன்றாகக் குலுக்கும், ஆனால் காரைநகரிலிருந்து பருத்தித்துறை வரை வடக்கு நோக்கிய கரையெல்லாம் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகிவிடும். நமக்கு ஆண்டில் கிடைக்கும் மழையின் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களில் விழுகிறது. வடகரையில் அலை எழும்பி அடிக்கும், கசூரினாக் கடற்கரையில் பிள்ளைகளைக் குளிக்க விட முடியாது. (கச்சான் என்பதும் இங்கே ஒரு காற்றின் பெயர்தான். ஆனால் ஆவணி மாதத்தில் அந்தச் சொல்லைக் கேட்கும் எவருக்கும் காற்று நினைவுக்கு வராது. நல்லூர் வீதியில் மணலோடு வறுபடும் கடலையின் மணம்தான் வரும்.)

ஓகஸ்ட் என்று பொதுவாகச் சொல்கிறீர்கள். நல்லூர் முருகன் கோயில் திருவிழா ஆங்கில மாதத்தைப் பார்த்து நடப்பதில்லை. ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் கொடி ஏறும். இருபத்தைந்தாம் நாள் தீர்த்தம், அதற்கு முதல் நாள் தேர். ஆகவே கொடியேற்றம் ஓர் ஆண்டில் ஜூலை இறுதியிலும் இன்னோர் ஆண்டில் ஓகஸ்ட் நடுப்பகுதியிலும் வரும். பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு புகையிரத இருக்கையும் தங்குமிடமும் பதிவு செய்யுங்கள்.

தேருக்கு வரச் சொல்லிப் பலரும் உங்களுக்கு ஆசை காட்டுவார்கள். நான் சொல்ல மாட்டேன். தேரன்று விடியும் முன்பே வீதிகள் நிரம்பிவிடும். நிற்க முடியாத ஒருவரையும் ஆறு வயதுப் பிள்ளையையும் அந்த நெரிசலுக்குள் கொண்டுவந்தால் உங்கள் கவனம் முழுவதும் அவர்கள் மீதே இருக்கும், சுவாமி எப்போது வந்தார், எப்போது போனார் என்பதே தெரியாது. கொடியேறி மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வாருங்கள். அப்போதும் வெளிவீதியெங்கும் மணல் பரப்பியிருப்பார்கள், சுற்றியுள்ள தெருக்களில் வாகனம் போகாது, கடைகள் இருக்கும், ஆனால் மாலையில் மணலில் துணியை விரித்து மாமியை அமர்த்துவதற்கு இடமும் இருக்கும். சுவாமி வலம் வரும்போது அவர் எழுந்து நின்றால் போதும். நல்லூரில் பூசைகள் மணி தவறுவதில்லை. ஐந்து நிமிடம் பிந்தி வந்து குறை சொல்வதில் பயனில்லை. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சிறுவர்களுக்கும் அதே விதிதான் என்பதால் உங்கள் மகன் கூச்சப்படாதபடி முன்பே சொல்லி வையுங்கள். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபா. இந்தக் காலத்தில் ஒரு ரூபாவுக்கு வேறு எது கிடைக்கும் என்று என் பேரன் கேட்டான். எனக்கும் பதில் தெரியவில்லை.

மகளின் ஆசை நியாயமானது. கோட்டையைக் காலை எட்டரைக்கு முன்போ மாலை நான்கரைக்குப் பின்போ பாருங்கள். உள்ளே நிழல் மிகக் குறைவு; நண்பகலில் முருகைக்கல் சுவர்கள் அடுப்புப் போலக் காயும். போர்த்துக்கீசர் தொடங்கியதை, 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐந்து மூலைகள் கொண்ட கோட்டையாக விரித்துக் கட்டினார்கள். அதன் கொத்தளத்தின் மேல் நின்று பண்ணைக் கடலில் சூரியன் இறங்குவதைப் பார்த்தால், தீவுகளுக்கான பாதை கடலுக்கு மேலே ஒரு கோடுபோல ஓடுவதும் தெரியும். நூலகம் வாசிப்பவர்களுக்கான இடம். பார்வையாளர்களுக்கென்று தனி நேரம் வைத்திருக்கிறார்கள், முதல் நாளே வாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் எரிந்தது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் கொண்ட நூலகம் என்பதை மகள் படித்திருப்பாள். வெளியே சரஸ்வதி சிலையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுபவர்களே அதிகம். அவளை ஒரு மணி நேரமாவது அங்கே இருக்க விடுங்கள்.

டிசெம்பரையும் நான் தள்ளிவிட மாட்டேன். கிறிஸ்மஸை ஒட்டிய நாள்களில் மழை ஓரளவு தணிந்து, இரவில் போர்வை தேவைப்படும் குளிர் வந்துவிடும். திருவெம்பாவை நாள்களில் விடியற்காலை நான்கு மணிக்கே சங்கும் சேமக்கலமும் ஒழுங்கைகளில் கேட்கும். பிறந்த ஊரின் ஒலி மாமிக்கு வேண்டுமென்றால் அதைவிடச் சிறந்த காலம் இல்லை. ஆண்டு முழுவதும் காய்ந்து கிடக்கும் வழுக்கையாற்றில் தண்ணீர் ஓடுவதை அப்போதுதான் காணலாம்; ஆறு இல்லாத ஊரில் அதுவே எங்களுக்குப் பெரிய காட்சி. பனங்கிழங்கும் தொடங்கிவிடும். ஆனால் கடல் வேண்டும், குதிரை வேண்டும் என்று நிற்கும் பிள்ளையோடு அந்த மாதத்தில் வந்தால், படகு ஓடுமா ஓடாதா என்று ஒவ்வொரு நாளும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும்.

எந்த மாதமானாலும் காலை ஆறரையிலிருந்து பத்தரை வரை, மாலை நான்கிலிருந்து இருட்டும் வரை. இவ்வளவுதான் வெளியே திரிவதற்கான நேரம். இடையில் சாப்பிட்டுவிட்டு உறங்குங்கள். ஊரில் உள்ளவர்கள் அப்படித்தான் செய்கிறோம்.


மட்டுநகர்த் தாய் எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்ன அனைத்தையும், அவற்றுக்கு நேர்மாறாகச் செய்து அனுபவப்பட்டவள் என்ற தகுதியில் நான் வழிமொழிகிறேன்.

கடந்த ஆண்டு திருவிழாக் காலத்தில் மட்டக்களப்பிலிருந்து வான் பிடித்து வந்தோம். என் தாயாருக்கும் கால் வருத்தம் உண்டு. தொலைபேசியில் கீழ்த்தள அறை என்று தெளிவாகக் கேட்டு, முற்பணமும் அனுப்பியிருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு விடுதி வாயிலில் இறங்கினால், கீழ்த்தளம் முழுவதும் வேறு குழுவினருக்குப் போய்விட்டது, இரண்டாம் மாடியில்தான் அறை, மின்தூக்கி பழுது என்றார்கள். அம்மாவை நாற்காலியில் வைத்து அண்ணாவும் வான் சாரதியும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஏறிய பின் மூன்று நாளும் அம்மா கீழே இறங்க மறுத்தார். கோபுரத்தைப் பார்க்க வந்தவர் சன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே தங்கச்சி, கீழ்த்தள அறை என்று எழுத்தில் வாங்குங்கள், குளியலறையில் படி உண்டா என்பதையும் கேளுங்கள். திருவிழாக் காலத்தில் பல வீடுகளிலும் அறைகள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். முற்றத்தோடு கூடிய ஒரு வீடு கிடைத்தால் விடுதியைவிட அது உங்கள் மாமிக்கு வசதியாக இருக்கும். கோயிலைச் சுற்றி வீதிகள் மூடியிருக்கும் என்பதால், தங்குமிடத்திலிருந்து நடக்க வேண்டிய தூரம் எவ்வளவு என்பதும் முக்கியம்.

இரண்டாவது தவறு, உங்கள் கணவர் எழுதியிருப்பதைப் போலவே நயினாதீவையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் வைத்தது. இரண்டுக்கும் குறிகட்டுவானிலிருந்துதான் படகு என்பதால் இலகுவாகத் தோன்றும். நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை. தென்னிலங்கையிலிருந்து நயினாதீவின் பௌத்த நாகவிகாரைக்கு வந்த பேருந்துகள் வீதியோரம் வரிசையாக நின்றன. நயினாதீவுப் படகுக்கு ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். அம்மனைக் கும்பிட்டு, அமுதசுரபி மண்டபத்தில் சாப்பிட்டுத் திரும்பியபோது நெடுந்தீவுப் படகு போய்விட்டது. குதிரை, குதிரை என்று என் சின்ன மகன் இறங்குதுறையில் படுத்துப் புரண்டு அழுதான். வார இறுதியையும் போயா (பௌர்ணமி) தினத்தையும் தவிருங்கள்.

படகைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நயினாதீவுக்குப் போவது இருபது நிமிடப் பயணந்தான், ஆனால் இறங்குதுறைக்கும் படகுக்கும் இடையில் ஓர் அடி இடைவெளி அலைக்கு ஏற்ப விரிந்து சுருங்கிக்கொண்டேயிருக்கும். படகோட்டியின் உதவியாள் உங்கள் முழங்கையைப் பிடித்து, படகு மேலே எழும் கணத்தில் "வாங்கோ" என்பார். அந்த ஒரு கணத்தில் கால் வைத்துவிட வேண்டும். பிறகு சில படகுகளில் நாலைந்து குத்துப்படி கீழே இறங்கி இருக்க வேண்டியிருக்கும். என் அம்மாவை அழைத்துப் போயிருந்தால் அந்தப் படியிலேயே நின்றிருப்பார். உங்கள் மாமியைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர் ஏற முடிந்தால், கோயில் மறுகரையின் இறங்குதுறைக்கு மிக அருகில் என்பதால் அங்கே நடை அதிகமில்லை.


நெடுந்தீவான் எழுதியது:

எங்கள் தீவைத் தவிர்க்கச் சொல்லி யாரும் எழுதிவிடுவதற்கு முன் நானும் சில வார்த்தைகள் சொல்லிவிடுகிறேன். நெடுந்தீவு முழு நாளுக்குரிய இடம். நயினாதீவோடு சேர்த்து அவசரமாகப் பார்ப்பதைவிடப் பார்க்காமலிருப்பது மேல்.

குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். சோளகக் காலத்தில் காலைப் பயணம் பரவாயில்லை. பிற்பகலில் காற்று ஏறியதும் திரும்பி வருவதுதான் சிரமம். ஆகவே காலையில் முதலாவதாகப் புறப்படும் படகில் வாருங்கள், நகரிலிருந்து இருட்டோடு புறப்பட வேண்டும் என்றாலும் பரவாயில்லை. படகு நேரம் காலநிலையாலும் பழுதுபார்ப்பாலும் மாறும். முதல் நாள் மாலையே இறங்குதுறையில் விசாரியுங்கள். தீவில் இறங்கியதும் முதலில் திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டு உறுதி செய்த பின்னரே முச்சக்கர வண்டியோ வேறு வாகனமோ பேசுங்கள். குடிதண்ணீரைக் கையோடு கொண்டு வாருங்கள். நல்ல தண்ணீர் எங்களுக்கே அருமையான பொருள்.

குதிரைகளைப் பற்றி உங்கள் மகனுக்கு ஒன்றைச் சொல்லி வையுங்கள். அவை ஏறிச் சவாரி போகும் குதிரைகள் அல்ல. கட்டுவாரில்லாமல் தெற்குப் பக்கத்து வெளியில் கூட்டமாக மேயும் மட்டக் குதிரைகள். சாரதி வாகனத்தை நிறுத்தும் இடத்திலிருந்து நூறு இருநூறு மீற்றர் தள்ளித்தான் பெரும்பாலும் நிற்கும். வறட்சி மாதங்களில் தண்ணீரைத் தேடி வரும் இடங்களில் சில சமயம் அருகே காணலாம். ஓடிப் போனால் அவையும் ஓடிவிடும். கீழே அமர்ந்து பத்து நிமிடம் பேசாமல் இருந்தால், குட்டியோடு நிற்கும் ஒன்று தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடியும் புல்லைக் கடிக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் பேசாமலிருப்பதுதான் கடினம். தொலைநோக்கி ஒன்று இரவல் கிடைத்தால் கொண்டு வாருங்கள்.

அவனுக்கு அதைவிடப் பிடிக்கப்போவது பெருக்க மரமாக இருக்கலாம். அடிமரம் உள்ளே கோறையாகிப்போன பெருமரம். குனிந்து உள்ளே புகுந்தால் அவனும் அக்காவும் அப்பாவும் சேர்ந்து நிற்கலாம். ஊரெங்கும் சுண்ணாம்போ சீமெந்தோ இல்லாமல் முருகைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகளையும் பாருங்கள். ஒரு கல்லையும் உருவ விடாதீர்கள். ஒன்றை எடுத்தால் ஐந்து விழும், அதை அடுக்கத் தெரிந்தவர்கள் இப்போது குறைவு. இடிந்த பழைய கோட்டை, புறாக்கூடு, குதிரை இலாயத்தின் தூண்கள் எல்லாம் வழியிலேயே வரும்.

மாமியை அன்று வீட்டில் விடுங்கள். அவருக்காக உங்களில் ஒருவரும் தங்க வேண்டியிருக்கும் என்பது எனக்கும் தெரிகிறது.


சுன்னாகத்து வான்காரன் எழுதியது:

சுன்னாகத்தில் வான் ஓடுகிறேன். தீவுப் பக்கத்தை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்; வடபக்கத்தை நான் சொல்கிறேன்.

கீரிமலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்கும் கேணிக்கும் இடையில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் நிலத்தடியிலிருந்து ஊறி வரும் நன்னீர். இது சுண்ணாம்புக் கல் மண், மேலே விழும் மழை எல்லாம் கீழே இறங்கி வெடிப்புகள் வழியாகக் கரையில் வந்து வெளிப்படுகிறது. நிலாவரைக் கிணற்றின் இரகசியமும் அதுதான்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். பெண்களுக்குத் தனிக் கேணி உண்டு. படிகளில் பாசி பிடித்திருக்கும் என்பதால் மாமி இறங்க வேண்டாம். மேல் படியில் இருந்துகொண்டால் மகள் ஒரு செம்பால் அள்ளி ஊற்றலாம், ஆகவே செம்பு ஒன்று கொண்டுவர மறக்க வேண்டாம். கீரிமுகத்தோடு வந்த நகுலமுனிவரும் குதிரைமுகத்தோடு வந்த மாருதப்புரவீகவல்லியும் இங்கே நீராடி மனித முகம் பெற்ற கதையை மாமியே பேரனுக்குச் சொல்லுவார். குதிரைப் பித்துப் பிடித்த பிள்ளைக்கு அந்தக் கதை நன்றாகப் பொருந்தும். ஆடி அமாவாசையன்று மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள்; பிதிர்க்கடன் செய்ய வருபவர்களால் கால் வைக்க இடமிருக்காது.

அங்கிருந்து மாவிட்டபுரம் கிட்ட. திரும்பும் வழியில் கந்தரோடையில் அரை மணி நேரம் நின்றால் போதும். மகளுக்கு அந்தச் சிறிய தூபிகளின் கூட்டம் பிடிக்கும். நிலாவரையை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். எட்டிப் பார்த்தால் பச்சைத் தண்ணீர். பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் வானுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

கசூரினாவை வேறொரு நாள் மாலையில் வையுங்கள். சோளகத்தில் அந்தக் கடல் முழங்கால் அளவில் வெகுதூரம் வரை போகும், அலையும் குறைவு. இறங்குவதற்கு முன் அங்குள்ள கடற்றொழிலாளர் ஒருவரிடம் சொறிமுட்டை (உடலில் பட்டால் அரிக்கும் ஜெல்லிமீன்) இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மணலோடு நின்றுவிடுங்கள்.

பருத்தித்துறை, வல்லிபுரம், மணற்காடு என்று கிழக்கே போவதற்கு முழு நாள் வேண்டும். இந்த முறை விடுங்கள். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டம் விடுவதைப் பார்க்க வரும்போது அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நான் சவாரி பிடிப்பதற்காகச் சொல்லவில்லை, அந்தப் பட்டங்களைப் பார்க்காத பிள்ளைகள் பாவம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கொடியேறினால் எங்கள் வீடுகள் பலவற்றில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை, நல்லூர் வட்டாரத்தில் சைவக் கடைகளே நிறைந்திருக்கும். மாமிக்கு அது நல்லது. உங்கள் கணவர் நண்டுக்காக நகரின் மறுபக்கம் போக வேண்டும், கிடைக்காமல் போகாது. ஒடியற்கூழை ஒருவர் இருவருக்கென்று காய்ச்சுவதில்லை. தங்கும் வீட்டாரிடம் முதல் நாளே சொன்னால் மீனும் நண்டும் போட்டு ஒன்று, மரக்கறி மட்டும் போட்டு மாமிக்கு ஒன்று என்று காய்ச்சித் தருவார்கள். ஆவணியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் முடிந்துபோயிருக்கும், ஆனால் பனம்பழம் விழத் தொடங்கும். பனங்காய்ப் பணியாரம் எங்கே சுடுகிறார்கள் என்று விசாரித்துச் சூட்டோடு வாங்குங்கள்.


வெள்ளவத்தை மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதில்களை நேற்றிரவு வீட்டில் உரக்க வாசித்தேன். கணவர் தாளை எடுத்துப் பாதிக்கு மேல் கோடு போட்டுவிட்டார். பருத்தித்துறையை அடிக்கும்போது மட்டும் சற்றுத் தயங்கினார்.

இப்போதைக்கு இப்படி நினைத்திருக்கிறோம். கொடியேறி நான்காம் நாள் வந்து சேருவோம். முதல் மாலையும் கடைசி மாலையும் நல்லூர் வீதியில், மணலில் இருந்துகொண்டு. ஒரு காலை கீரிமலையும் மாவிட்டபுரமும். ஒரு மாலை கோட்டை, அடுத்த நாள் நூலகம். நடுவில் ஒரு வேலை நாளில் கணவர் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு முதல் படகில் நெடுந்தீவுக்குப் போவார், நானும் மாமியும் வீட்டில் இருப்போம். கசூரினாவை, நேரமும் உடம்பும் ஒத்துழைத்தால் பார்த்துக்கொள்ளலாம். நயினாதீவைப் பற்றி மாமியிடமே கேட்டேன். படகில் ஏறும் விதத்தை விவரித்ததும், அம்மனை இங்கிருந்தே கும்பிடுகிறேன் என்று கையெடுத்துவிட்டார்.

கீழ்த்தளத்தில் முற்றத்தோடு ஒரு வீடு பேசியிருக்கிறோம். குளியலறையில் ஒரே ஒரு படி. மரப்பலகை வைத்துத் தருவதாக உறுதியளித்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. பிள்ளைகள் நெடுந்தீவுக்குப் போகும் அன்று நாங்கள் இருவரும் என்ன செய்யலாம் என்று மாமியைக் கேட்டபோது, கொக்குவில் புகையிரத நிலையம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். சிறு வயதில் அவருடைய வீடு தண்டவாளத்துக்கு அருகில் இருந்ததாம். வீடு இப்போது இல்லை, காணியும் கைமாறிவிட்டது. அங்கே போய்ப் பார்ப்பதற்கு அவர் விரும்பவில்லை. நிலையத்தை மட்டும்தான் கேட்கிறார். அதற்கு ஏதாவது வழி உண்டா?


நல்லூர் வாத்தியார் எழுதியது:

இருக்கிறது, பிள்ளை. 1990இல் வடக்குக்கான சேவை நின்ற பிறகு தண்டவாளமும் இல்லாமல், சிலிப்பர்க் கட்டையும் இல்லாமல் கிடந்த பாதைதான். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி புகையிரதம் மறுபடியும் யாழ்ப்பாணம் வந்தது, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் காங்கேசன்துறை வரை போனது. யாழ்ப்பாணத்துக்கு அடுத்த நிலையம் கொக்குவில்.

அதற்காகத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டாம். கொழும்பிலிருந்து வரும்போதே காங்கேசன்துறை வரை போகும் வண்டியைப் பார்த்து, ஐவருக்கும் யாழ்ப்பாணத்துக்குப் பதிலாக அந்தக் கடைசி நிலையம் வரை சீட்டு எடுங்கள். அந்த வாரம் வண்டி எந்த நேரத்தில், எதுவரை ஓடுகிறது என்று பதிவு செய்யும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். யாழ்ப்பாண நிலையத்தில் பெரும்பாலானோர் இறங்கிவிடுவார்கள், பெட்டி வெறிச்சோடிவிடும். அப்போது மாமியைச் சன்னலோரத்தில் இருத்துங்கள். எல்லா வண்டிகளும் கொக்குவிலில் நிற்பதில்லை; நிற்காவிட்டாலும் பெயர்ப்பலகையை வாசிக்க முடியும். பிறகு கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று தோட்டங்களுக்கும் பனைகளுக்கும் நடுவே போய், கடலுக்குக் கிட்ட வண்டி நிற்கும். கடைசி நிலையத்தில் இறங்குவதற்கு அவசரமில்லை என்பதால் முழங்காலுக்கும் நல்லது.

சுன்னாகத்து வான்காரர் அங்கே வந்து உங்களை ஏற்றிக்கொண்டால் பொதிகளோடு நேரே வீட்டுக்கு வந்துவிடலாம். அவர் சம்மதிப்பாரா என்று அவரே சொல்லட்டும்.


சுன்னாகத்து வான்காரன் எழுதியது:

வருகிறேன், மாஸ்ரர். அக்கா, வண்டி மாங்குளம் தாண்டும்போது தகவல் அனுப்புங்கள். மாமிக்கு முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி வைக்கிறேன். ஏறுவதற்கு ஒரு சிறிய முக்காலியும் வானில் இருக்கிறது.